பெருந்தச்சன் பெயர் இருக்கு, ஸ்தபதி பெயர் எங்கே?

ஒருத்தர் நிஜமாவே டாக்டர்தானா என்று பார்க்க இன்றைக்குப் பெரிசா அலைய வேண்டாம். இந்திய மருத்துவப் பதிவேட்டில் பெயரைத் தட்டினால் பதிவு எண், பதிந்த வருஷம், எந்த மாநிலக் கவுன்சில் என்று எல்லாம் வந்து விழும். ஆர்க்கிடெக்ட் என்றால் அதற்கும் ஒரு பட்டியல் இருக்கு. 1972ஆம் வருஷத்துச் சட்டப்படி அந்தப் பட்டியலில் இல்லாதவர் 'ஆர்க்கிடெக்ட்' என்று தன்னைச் சொல்லிக்கொள்ளவே கூடாது. புதுசா ஒரு இயந்திரம் கண்டுபிடிச்சவரா? காப்புரிமைப் பதிவேட்டில் தேடலாம். ஒரு நாற்காலிக்கோ பாட்டிலுக்கோ புது வடிவம் கொடுத்தவரா? அதற்கு கொல்கத்தாவில் இருக்கும் அலுவலகத்தில் வடிவமைப்புப் பதிவேடு தனியா இருக்கு.

(என்னை மாதிரி சாஃப்ட்வேர் ஆசாமிகளுக்கு லைசென்ஸ் எதுவும் கிடையாது. யார் வேணும்னாலும் கோடு எழுதலாம். அது வெளியே வர்ற சாஃப்ட்வேரைப் பார்த்தாலே தெரியும் :-) )

இந்தப் பதிவேடு சமாச்சாரமெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்றுதான் நாம பொதுவா நினைச்சிட்டிருக்கோம். பாதி உண்மைதான். இந்தியாவில் கண்டுபிடிப்புகளுக்கான முதல் சட்டம் 1856இல் வந்தது. அந்த வருஷமே கல்கத்தாவில் இருந்த டி பென்னிங் என்ற இன்ஜினியர் பங்கா இழுக்கிற இயந்திரத்துக்கு முதல் உரிமை வாங்கிட்டார். வெயில் தாங்காத துரைமார் ஊரில் வேற எதுக்கு வாங்குவாங்க! நம்ம சென்னை மாகாணத்தில் டாக்டர்களைப் பதிவு செய்யற சட்டம் 1914இல் வந்தது. உலக அளவில் காப்புரிமைக்கு மூத்த சட்டம் எதுன்னு கேட்டா, இத்தாலியின் வெனிஸ் நகரம் 1474இல் போட்ட சட்டத்தைக் காட்டுவாங்க.

ஆனால் ஒரு தனி மனுஷனின் பெயர், தொழில், வீட்டு விலாசம், சம்பளம், அவருக்குப் பிறகு அந்த வேலை யாருக்கு என்கிற விதி, இத்தனையும் ஊரறிய எழுதி வைத்த பதிவேடு வெனிஸுக்கு நானூத்தி அறுபது வருஷம் முன்னாடியே தஞ்சாவூரில் இருந்தது. இப்பவும் இருக்கு. நம்மில் பாதிப் பேர் அதன் பக்கத்தில் நின்று போட்டோவும் எடுத்திருக்கோம்.

கல்லில் ஒரு டேட்டாபேஸ்

பெரிய கோயிலின் கல்வெட்டுகளை ஹுல்ஷ் என்ற ஜெர்மன் அறிஞர் படித்து, 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' வரிசையின் இரண்டாம் தொகுதியில் 1890களில் வெளியிட ஆரம்பித்தார். அதில் 66ஆம் எண் கல்வெட்டு ரொம்ப நீளமானது. ராஜராஜனின் 29ஆம் ஆட்சியாண்டு, அதாவது 1014 வரைக்கும் அவர் செய்த ஏற்பாடுகளைச் சொல்வது. போரும் வெற்றியும் மெய்க்கீர்த்தியோடு முடிஞ்சிடும். அதற்கப்புறம் வருவது முழுக்க முழுக்க பணியாளர் பட்டியல்.

முதலில் தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேர். கோயிலைச் சுற்றி அவங்களுக்குன்னு தெருக்கள் அமைச்சிருக்காங்க. தெற்குத் தளிச்சேரி, வடக்குத் தளிச்சேரி. ஒவ்வொன்றிலும் தென்சிறகு, வடசிறகு. ஒவ்வொரு சிறகிலும் தலைவீடு, இரண்டாம் வீடு, மூன்றாம் வீடு என்று வரிசை எண். இன்றைக்கு டெல்டா கிராமத்தில் கூரியர்காரர் "அண்ணே, எந்த வீடுண்ணே?" என்று போன் போட்டுக் கேட்கிறார். ஆயிரம் வருஷம் முன்னாடி கதவு எண் இருந்திருக்கு.

தெற்குத் தளிச்சேரியின் தென்சிறகில் தலைவீடு நக்கன் சேரமங்கைக்கு. அவர் எந்தக் கோயிலில் இருந்து வந்தார் என்பதும் இருக்கு: திருவையாற்றில் ராஜராஜனின் பட்டத்தரசி கட்டிய உலோகமாதேவீச்சரம். அப்படியே திருவாரூர், பழையாறை, நாகப்பட்டினம் என்று சோழ நாட்டுக் கோயில்களின் பெயர்கள் வரிசையா வருது. பரவை, எடுத்தபாதம், சோழகுலசுந்தரி என்று பெண்களின் பெயர்கள். எல்லார் பெயருக்கும் முன்னால் 'நக்கன்'. சிவனுக்கு உரியவர் என்பதைக் காட்டும் பொதுப் பெயர் அது.

பெண்களுக்கு அப்புறம் ஆண்கள். நட்டுவம் செய்வோர், பாடுவோர், கொட்டுவோர், கணக்கர், குடை பிடிப்போர், தண்ணீர் தெளிப்போர், குயவர், வண்ணார், நாவிதர், தையல்காரர், கன்னார், தச்சர், சோதிடர். சம்பளத்துக்கு அலகு 'பங்கு'. ஒரு பங்கு என்றால் வருஷத்துக்கு நூறு கலம் நெல். அதுவும் எந்த மரக்கால்னா? ஊருக்கு ஊர் மரக்கால் மாறும், அளக்கிறவன் விரல் மாறும். அதனால் 'ஆடவல்லான்' என்று பெயர் வைத்த மரக்காலால் அளந்து நூறு கலம் என்று தெளிவா சொல்லிட்டாங்க. தளிச்சேரிப் பெண்ணுக்கு ஒரு பங்கு. நட்டுவனாருக்கு இரண்டு பங்கு.

இது தவிர, கோயிலில் திருப்பதியம் பாட 48 பேர், கூட உடுக்கைக்கு ஒருத்தர், கொட்டி மத்தளத்துக்கு ஒருத்தர் என்று ஐம்பது பேருக்கு இன்னொரு கல்வெட்டு. அங்கேயும் ஒவ்வொருத்தர் பெயரும் தனித்தனியா இருக்கு. ஆளுக்குத் தினம் மூணு குறுணி நெல்.

லைசென்ஸ் என்றால் என்ன?

எனக்கு இதில் ரொம்பப் பிடிச்சது பட்டியலின் கடைசியில் வர்ற விதி. பங்கு வாங்கறவர் இறந்துபோனாலோ, ஊரை விட்டுப் போனாலோ என்ன செய்வது? அவருக்கு நெருங்கின உறவுக்காரர் அந்த வேலையைச் செய்து நெல்லை வாங்கிக்கலாம். அந்த உறவுக்காரருக்கு அந்த வேலை தெரியாது என்றால்? தகுதியான வேற ஆளைப் பிடிச்சு வேலையைச் செய்ய வைக்கணும். நெருங்கின உறவே இல்லையென்றால்? அந்தப் பணியில் இருக்கும் மற்றவர்கள் கூடி, தகுதி உள்ள ஒருத்தரைத் தேர்ந்தெடுக்கணும்.

மூணே நிபந்தனை. நாங்க ஆபீஸில் எழுதற இஃப்-எல்ஸ் மாதிரியே இருக்கு. பிறப்பு முக்கியம்தான், அதை மறைக்க வேண்டாம். முதல் உரிமை சொந்தத்துக்குத்தான் போகுது. ஆனால் சொந்தம் மட்டும் போதாது, வேலை தெரிஞ்சிருக்கணும். தெரியுமா தெரியாதா என்பதை வாரிசே இல்லாத இடத்தில் தீர்மானிக்கறது அரசனோ அதிகாரியோ இல்லை, அதே தொழில்காரங்க. ஒரு டாக்டருக்குத் தகுதி இருக்கா என்று இன்றைக்கு டாக்டர்கள் கவுன்சில் பார்க்குதே, கிட்டத்தட்ட அந்த ஏற்பாடு.

பட்டமும் உண்டு. கோயிலைக் கட்டிய தலைமைத் தச்சர் வீரசோழன் குஞ்சரமல்லன் என்ற இராஜராஜப் பெருந்தச்சன். அவர் கூட நித்தவினோதப் பெருந்தச்சன், கண்டராதித்தப் பெருந்தச்சன் என்று இன்னும் இரண்டு பேர். நாவிதருக்குக்கூட 'இராஜராஜப் பெருநாவிதன்' என்று பட்டம். அரசன் பெயரைப் போட்டுக்கொள்ள அனுமதி என்றால் அந்தக் காலத்தில் அதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது. உலகத்தில் எத்தனையோ பெரிய கட்டடங்களுக்கு அதைக் கட்டினவர் பெயர் தெரியாது. நமக்கு தெரியுது. குஞ்சரமல்லன்!

ஒரு நிமிஷம். ரொம்பப் புல்லரிச்சுட வேண்டாம். அந்த நானூறு பெண்களையும் யாராவது "வர்றியாம்மா?" என்று கேட்டாங்களா? கல்வெட்டு அதைச் சொல்லவில்லை. திருவாரூரில் ஆடிக்கொண்டிருந்த ஒருத்தி ஒரு உத்தரவில் தஞ்சாவூரில் ஏதோ ஒரு சிறகில் ஏதோ ஒரு வீட்டுக்கு மாற்றப்பட்டாள் என்பதுதான் அந்தப் பதிவின் மறுபக்கம். பதிவேடு உரிமையும் கொடுக்கும், கட்டியும் போடும். இரண்டும் ஒரே வரியில்தான் எழுதப்படுது. ஆனாலும் அவள் பெயர் இருக்கு. நூறு கலம் நெல் அவளுடையது என்று கல் சொல்லுது. நாளைக்கு ஒரு கணக்கன் ஏமாற்ற நினைத்தால், சுவரைக் காட்டி "அதைப் படிய்யா" என்று கேட்க முடியும். பொதுப் பதிவு என்பதற்கு அர்த்தமே அதுதானே.

எல்லா விவரமும் இருக்கு, ஒரு கட்டம் மட்டும் காலி

இப்போ வடிவமைப்புக்கு வருவோம். பெரிய கோயிலுக்கு ராஜராஜனும், அக்கா குந்தவையும், அரசியரும், அதிகாரிகளும் அறுபதுக்கும் மேற்பட்ட செப்புத் திருமேனிகளைக் கொடுத்திருக்காங்க. அதையெல்லாம் கல்லில் பதிந்திருக்கிற முறையைப் பார்த்தால், இன்றைக்கு வடிவமைப்புப் பதிவுக்குக் கொடுக்கிற விவரக்குறிப்பு தோத்துப்போகும்.

உயரம் எவ்வளவு? பாதாதி கேசாந்தம், அதாவது பாதத்தில் இருந்து தலைமுடி வரைக்கும் இத்தனை முழம், இத்தனை விரல். எந்த முழம்? கோயிலில் வைத்திருக்கிற முழக்கோல். கை எத்தனை? பீடம் எவ்வளவு உயரம்? திருவாசி உண்டா? பொன் என்றால் 'ஆடவல்லான்' என்ற எடைக்கல்லால் நிறுத்தது, ரத்தினம் என்றால் 'தக்ஷிணமேரு விடங்கன்' என்ற கல்லால் நிறுத்தது. கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று குன்றிமணி அளவுக்குக் கணக்கு. முத்து என்றால் என்ன மாதிரி முத்து, எத்தனை, அதில் குறை உள்ளது எத்தனை என்பது வரைக்கும்.

கொடுத்தவர் பெயரும் இருக்கு. கோயிலில் ஸ்ரீகாரியம் பார்த்த பொய்கை நாட்டுக்காரர் ஆதித்தன் சூரியன் என்ற தென்னவன் மூவேந்தவேளான், தேவார மூவர் முதலானவர்களின் திருமேனிகளோடு ராஜராஜன், உலோகமாதேவி திருமேனிகளையும் கொடுத்தார் என்று விவரமா சொல்லுது.

ஆனால் அதை வார்த்தவர் பெயர்? அது இல்லை. நாவிதர் பெயர் சொன்ன கல், குடை பிடிக்கிறவருக்கு எத்தனை பங்கு என்று சொன்ன கல், உலகமே வாயைப் பிளந்து பார்க்கிற சோழர் செப்புத் திருமேனியை எந்தக் கை மெழுகில் பிடிச்சது என்று சொல்லவில்லை. கோயில் வேலைக்குன்னு கன்னாருக்கும் தச்சருக்கும் பங்கு உண்டு. 'இந்தத் திருமேனி இவர் செய்தது' என்ற கட்டம் மட்டும் படிவத்திலேயே கிடையாது. சம்பளப் பட்டியலில் தொழிலாளிக்குப் பெயர் இருக்கு. பொருள் பட்டியலில் கொடுத்தவருக்கும் பொருளுக்கும் மட்டும்தான் இடம்.

இதெல்லாம் பழங்கதைன்னு ஒதுக்கிட முடியாது. ராஜராஜன், உலோகமாதேவி சிலைகள் என்று சொல்லப்பட்ட இரண்டை 2018இல் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு அகமதாபாத்தில் ஒரு தனியார் அருங்காட்சியகத்தில் இருந்து தஞ்சாவூருக்குக் கொண்டுவந்தது ஞாபகம் இருக்கும். அதற்குப் பல வருஷம் முன்னாடியே 'இது அதுதானா' என்று வாதம் நடந்திருக்கு. அந்த வாதத்தில் எல்லாரும் கடைசியில் போய் நின்ற இடம் கல்வெட்டில் இருக்கும் அளவுகள்தான். யோசிச்சுப் பாருங்க, ஆயிரம் வருஷம் முன்னாடி ஒரு கல்தச்சர் வெட்டிய விரல்கணக்கு இந்தக் காலத்து வழக்கில் சாட்சியா வந்து நிற்குது. பதிவு என்றால் அதுக்குத்தான் இவ்வளவு பாடு.

சுவாமிமலை, இன்றைக்கு

தஞ்சாவூரில் இருந்து கும்பகோணம் போற வழியில் சுவாமிமலை. சாமி கும்பிட்டுட்டு அப்படியே ஊருக்குள்ளே நடந்தா பட்டறைகள். தேன்மெழுகில் குங்கிலியம் கலந்து உருவம் பிடிப்பாங்க. அளவெடுக்க டேப் கிடையாது. தென்னை ஓலையைக் கிழித்து, மடித்து மடித்துத் தாளக் கணக்கில் பிரிப்பாங்க. மெழுகின் மேல் முதல் பூச்சுக்குக் காவிரியின் நைசான வண்டல் மண். மூக்கு நுனி, நகக்கண் வரைக்கும் அந்த மண்தான் அச்சு எடுக்கும். உலையில் மெழுகை உருக்கி வெளியேற்றிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊத்துவாங்க. ஆறினதும் அச்சை உடைக்கணும். அதனால் ஒரு அச்சு, ஒரு சிலை. காப்பி-பேஸ்ட்டுக்கு வழியே கிடையாது.

நெல்லை விளைவிச்ச அதே வண்டல்தான் சிலையையும் விளைவிச்சது. இந்த மண் தொடர்புதான் சட்டத்திலும் பிடிமானம். ஒரு ஊரின் மண், தண்ணி, பரம்பரைத் திறமை இதனால் ஒரு பொருளுக்குப் பெயர் வந்தால் அந்தப் பெயரைக் காப்பாற்ற 1999இல் புவிசார் குறியீட்டுச் சட்டம் போட்டு, 2003 செப்டம்பரில் அமலுக்குக் கொண்டுவந்தாங்க. அதன் பதிவகம் எங்கேயோ டெல்லியில் இல்லை, நம்ம சென்னை கிண்டியிலேதான் இருக்கு. சுவாமிமலை வெண்கலச் சிலை, தஞ்சாவூர் ஓவியம், தலையாட்டி பொம்மை, கலைத்தட்டு, நாச்சியார்கோயில் குத்துவிளக்கு, தஞ்சாவூர் வீணை, திருபுவனம் பட்டு, நெட்டி வேலை என்று டெல்டாவில் இருந்து மட்டும் ஒரு பெரிய வரிசையே பதிவாயிருக்கு.

ஏன் வடிவமைப்புச் சட்டத்தில் பதியக்கூடாதுன்னு கேட்கலாம். அது 'புதுசா?' என்று கேட்கும். பத்து வருஷம், நீட்டினால் இன்னொரு அஞ்சு வருஷம், அவ்வளவுதான் பாதுகாப்பு. சிற்ப சாஸ்திரம் சொன்னபடி தாளம் தப்பாமல் செய்வதுதான் ஸ்தபதிக்குப் பெருமை. 'புதுசு' என்று சொன்னால் அவருக்கு அது திட்டு!

சரி, புவிசார் பதிவேட்டைத் திறந்து பார்த்தால் யார் பெயர் இருக்கும்? சட்டப்படி தனி ஆள் புவிசார் குறியீட்டுக்கு விண்ணப்பிக்க முடியாது. உற்பத்தியாளர் சங்கம், கூட்டுறவு, அரசு அமைப்பு இப்படித்தான் இருக்கணும். அதுவும் நியாயம்தான், ஊர்ச் சொத்தை ஒருத்தர் பெயரில் எழுதக்கூடாது. ஆனால் விளைவு என்ன? பொருளின் விவரம் பக்கம் பக்கமா இருக்கு, அமைப்பின் பெயர் இருக்கு, மெழுகு பிடிச்ச கை மறுபடியும் காணோம். 1014க்கே திரும்பிப் போயிட்டோமோ?

இல்லை. இந்த முறை படிவத்தில் அந்தக் கட்டம் இருக்கு! பலருக்குத் தெரியாத விஷயம் இதுதான். பதிவேட்டுக்கு இரண்டு பகுதி. 'அ' பகுதியில் குறியீடும் உரிமையாளர் அமைப்பும். 'ஆ' பகுதியில் அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளர்கள், அதாவது நிஜமா அந்தப் பொருளைச் செய்யறவங்க, ஒவ்வொருத்தர் பெயரோடும். இந்த 'ஆ' பகுதிக்காரருக்குத்தான் அந்தப் பெயரைத் தன் பொருளுக்குப் பயன்படுத்தும் தனியுரிமை. போலி வந்தால் அவர் தானே வழக்குப் போடலாம். தளிச்சேரிச் சுவரில் நக்கன் சேரமங்கைக்கு இருந்த இடம் மாதிரின்னு வெச்சுக்கங்களேன்.

முன்னாடி இதற்கு உரிமையாளர் அமைப்போடு சேர்ந்துதான் விண்ணப்பிக்கணும், கட்டணம் 500 ரூபாய். 2020இல் விதியைத் திருத்தி, செய்யறவரே நேரா விண்ணப்பிக்கலாம், கட்டணம் 10 ரூபாய் என்று ஆக்கிட்டாங்க. பத்து வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும்.

இங்கே ஒரு சின்ன ஒப்பீடு. இப்போதைய சட்டத்தில் அங்கீகாரம் பெற்றவர் இறந்தால் உரிமை அவருடைய சட்டப்படியான வாரிசுக்குப் போகும். அந்த வாரிசுக்கு மெழுகு பிடிக்கத் தெரியுமா என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை. அவர் என்னை மாதிரி எங்கேயாவது கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்திருக்கலாம். ராஜராஜன் விதி அந்த ஒரு கேள்வியைக் கேட்டது. தெரியாதா, தெரிஞ்சவரைக் கொண்டுவான்னுது. ஆயிரம் வருஷத்தில் படிவத்தில் ஒரு கட்டத்தைக் கூட்டியிருக்கோம், விதியில் ஒரு கேள்வியைத் தொலைச்சிருக்கோம்.

ஐ.டி. கம்பெனிகளில் காப்புரிமை கம்பெனி பெயரில்தான் இருக்கும். ஆனால் கண்டுபிடிச்சவர் யார் என்பதற்குத் தனி இடம் உண்டு. நம்ம 1970ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டமும் கண்டுபிடித்தவர் பெயரைக் குறிப்பிட வழி வெச்சிருக்கு. சொத்து ஒருத்தருடையது, செய்தவர் இன்னொருத்தர், இரண்டையும் பதியலாம் என்பது ஒண்ணும் கஷ்டமான தத்துவம் இல்லை. குஞ்சரமல்லனுக்கு செய்ததை, பெயர் தெரியாத அந்த வார்ப்புக்காரருக்கும் செய்திருக்கலாம். அவருக்கு இனிமேல் நம்மால் எதுவும் செய்ய முடியாது. இப்போ உலை முன்னாடி வியர்வையில் உட்கார்ந்திருக்கிறவருக்குச் செய்யலாம்.

அதனால் மக்களே, ஒரு வேண்டுகோள். சுவாமிமலையிலோ, நாச்சியார்கோயிலிலோ, தஞ்சாவூர் வீணைப் பட்டறையிலோ உங்களுக்குத் தெரிஞ்ச ஆசாரி, ஸ்தபதி யாராவது இருந்தால், "அண்ணே, 'ஆ' பகுதியில் உங்க பேர் இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேளுங்க. இல்லைன்னா அந்தப் படிவத்தைப் பூர்த்தி பண்ண ஒரு ஞாயித்துக்கிழமை கூட உட்காருங்க. பத்து ரூபாய்க்கு இன்றைக்கு நல்ல காபி கூடக் கிடைக்காது.

அடுத்த தடவை பெரிய கோயிலுக்குப் போனால் விமானத்தை அண்ணாந்து பார்த்தது போதும், கொஞ்சம் கீழே சுவரையும் பாருங்க. உங்க ஊர்க் கோயில் சுவரில் இப்படித் தொழில்காரர் பெயர் எதுவும் பார்த்திருந்தால் பின்னூட்டத்தில் சொல்லிட்டுப் போங்க.